பியர்டட் டிராகன் கூண்டுக்கு தெர்மோகோல் பாறை: எதால ஒட்டறது, எந்த பெயின்ட், எத்தனை நாள் காயணும்?

தண்டையார்பேட்டை_டிராகன்

எல்லாருக்கும் வணக்கம். 4 அடி நீளம், 2 அடி ஆழம், 2 அடி உயரத்துல ப்ளைவுட் கூண்டு. உள்பக்கம் சன்மைக்கா, முன்னாடி ரெண்டு ஸ்லைடிங் கண்ணாடி. குடியிருக்கிறவர் பியர்டட் டிராகன்ங்கற வளர்ந்த பல்லி, 420 கிராம். பின்சுவர் முழுக்க பாறை மாதிரி பேக்ரவுண்ட் வேணும். அதுல அவர் ஏறி உக்கார ரெண்டு திட்டு.

திட்டம் இதுதான்: 2 இன்ச் தெர்மோகோல், கார்பென்டர் மிச்சம் வெச்சுட்டுப் போன ஃபெவிகால் எஸ்.ஆர்., மேலே பிரவுன் ஸ்ப்ரே பெயின்ட், அதுக்கு மேல வார்னிஷ். ஒரு துண்டுல ஸ்ப்ரே அடிச்சுப் பார்த்தா, அஞ்சே நிமிஷத்துல எறும்பு அரிச்ச வெல்லம் மாதிரி குழிகுழியா ஆயிடுச்சு. காசிமேட்டுல மீன்பிடி படகுக்கு ஃபைபர் ஒட்டுறவங்க கிட்ட கேட்டா, "ரெசின் பூசிடு தம்பி, கல்லு மாதிரி நிக்கும்"ங்கறாங்க. ஒரு வீடியோவுல டைல்ஸ் இடுக்குல அடைக்கிற க்ரவுட்டைப் பூசுறாங்க, ஆனா அளவு சொல்லல.

எதை நம்பறது? அவர் பாறையை நக்குவார், நகத்தால கீறுவார், வெட்டுக்கிளி மாதிரி குதிக்கிற கிரிக்கெட் பூச்சி வேற உள்ள திரியும். இதெல்லாம் கணக்குல வெச்சு சொல்லுங்க.

கொளத்தூர்_பல்லிக்கூடம்

முதல்ல அந்தத் துண்டு ஏன் குழிஞ்சுதுன்னு பாத்துடலாம், பாதி கேள்விக்கு அதுலயே பதில் இருக்கு. தெர்மோகோல்ங்கறது பாலிஸ்டைரீன். தின்னர், டொலுயீன், அசிட்டோன், பெட்ரோல் எது பட்டாலும் கரையும். ஸ்ப்ரே கேன், எனாமல், சாதா வார்னிஷ், ஃபெவிகால் எஸ்.ஆர். எல்லாமே இந்த மாதிரி கரைப்பான் கலந்த சரக்கு. கரையாம தப்பிச்சாலும் வாடை நுரைக்குள்ள தங்கி, லேம்ப் சூடு ஏற ஏற வெளியே கசியும். மூடின பெட்டிக்குள்ள 24 மணி நேரமும் அதை மூச்சுல இழுக்கப் போறது டிராகன்தான்.

கடையில நிக்கும்போது ஒரே கேள்வி கேளுங்க: "இதுக்கு பிரஷ்ஷை எதுல கழுவணும்?" தண்ணின்னா வாங்கலாம். தின்னர்னா வெச்சுட்டு வந்துடுங்க.

ஷீட்: டி.வி. பெட்டியில வர்ற பேக்கிங் தெர்மோகோல் வேணாம். விரல்ல அழுத்தினாலே மணி மணியா உதிரும். கன மீட்டருக்கு 20 கிலோவுக்கு மேல டென்சிட்டி இருக்கறதா கேளுங்க. இன்னும் நல்லது, மொட்டை மாடி ஹீட் இன்சுலேஷனுக்குப் போடுற எக்ஸ்.பி.எஸ். பலகை, அதுவும் பாலிஸ்டைரீன் நுரைதான். அதுல மணியே கிடையாது, வெட்டினா சோப்பு மாதிரி வரும். 1250 × 600 மி.மீ. அளவுல கிடைக்கும், உங்க 4 அடிக்கு ஒரே பலகை போதும். உயரம் 2 அடிக்கு ஒரு சென்டிமீட்டர் குறையும், கீழே மண்ணு மூடிடும். எக்ஸ்.பி.எஸ்ஸோட மேல்தோல் வழவழன்னு இருக்கும். 60 நம்பர் உப்புத்தாள் போட்டு சொரசொரப்பு ஆக்காம க்ரவுட் பூசினா, காஞ்சதும் தகடு தகடா உரிஞ்சு வரும்.

செதுக்கறது: 18 மி.மீ. பிளேடு கத்தியால பெரிய வெடிப்புகளை முதல்ல வெட்டுங்க, அப்புறம் கம்பி பிரஷ்ஷால குறுக்கும் நெடுக்கும் இழுங்க. பாறைக்கு ஒரே திசையில ஓடுற அடுக்கு இருக்கும். கண்டபடி குழி போட்டா பாறை மாதிரி இருக்காது, எலி கடிச்ச ரொட்டி மாதிரி இருக்கும். சால்டரிங் அயர்ன், ஹீட் கன் வெச்சு உருக்கறது பார்க்க சுலபம். ஆனா அதுல ஸ்டைரீன் புகை வரும், ரூமுக்குள்ள செய்யவே கூடாது. கம்பி பிரஷ்ல பறக்குற தூளை வாக்குவம்லயும் ஈரத்துணியிலயும் முழுசா எடுத்துடுங்க. தூள் மேல பூசின க்ரவுட் எங்கேயும் பிடிக்காது.

க்ரவுட்: சிமென்ட் அடிப்படையிலான சாதா டைல்ஸ் க்ரவுட். எபாக்ஸி க்ரவுட் வேற, குழப்பிக்காதீங்க. பூஞ்சைக்கொல்லி கலந்ததுன்னு பாக்கெட்ல போட்டிருந்தா அதுவும் வேணாம். உங்க அளவுக்கு மூணு கோட்டுக்கு 3, 3½ கிலோ ஆகும்.

முதல் கோட்: 1 கிலோ க்ரவுட்டுக்கு 400 மி.லி. தண்ணி, கெட்டி மோர் பதம். இதை வெள்ளையடிக்கிற மாதிரி இழுக்காதீங்க. பிரஷ் நுனியால குத்திக் குத்தி வெடிப்போட அடி வரைக்கும் இறக்கணும். நாளைக்கு கிரிக்கெட் நுழையப் போறது இந்தக் கோட் விட்டுப்போன ஊசி ஓட்டை வழியாத்தான். கிரிக்கெட்டும், தீனியா போடுற சூப்பர் வார்ம் புழுவும் தெர்மோகோலைக் கடிக்கும், உள்ளே சுரங்கமே தோண்டும். உதிர்ந்த மணியை டிராகன் முழுங்கினா குடல்ல அடைச்சுக்கும். ரெண்டாவது, மூணாவது கோட்: கிலோவுக்கு 280, 300 மி.லி., தோசை மாவு பதம். தண்ணியில மூணுல ஒரு பங்குக்குப் பதிலா எஸ்.பி.ஆர். லேட்டக்ஸ் (சிமென்ட்ல கலக்குற ரப்பர் பால்) சேர்த்தா பிடிப்பு கூடும், வெடிப்பு குறையும். மூணும் சேர்ந்து 3, 4 மி.மீ. கனம் வரணும்.

ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல 24 மணி நேரம். அந்த நேரத்துல அது காயக் கூடாது, இறுகணும். ரெண்டும் வேற வேற. சித்திரை வெயில்ல மொட்டை மாடியில சாய்ச்சு வெச்சா ஒரு மணி நேரத்துல தண்ணி ஆவியாகி, சிமென்ட் இறுகாம மாவா நின்னுடும், விரல்ல தேய்ச்சா தூள் ஒட்டும். நிழல்ல வெச்சு, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஸ்ப்ரே பாட்டில்ல ஈரம் காட்டி, பிளாஸ்டிக் ஷீட் போர்த்துங்க.

தண்ணி விஷயத்துல வடசென்னைக்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை: போர் தண்ணி ஊத்தாதீங்க. ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் உப்பு ஏறின தண்ணி. ஒரு வாரத்துல பாறை மேல வெள்ளையா உப்புப் பூக்கும். கேன் தண்ணியில கலக்குங்க.

கலர்: முதல் வேலையா க்ரவுட்டுக்குள்ளேயே கலரைக் கலந்துடுங்க. மேலே மட்டும் பெயின்ட் அடிச்சா, நகம் கீறின இடத்துல வெள்ளைக் கோடு தெரியும். இரும்பு ஆக்சைடு பவுடர் சிவப்பு, மஞ்சள், கறுப்புன்னு மூணு இருந்தா போதும். நைனியப்ப நாயக்கன் தெரு கெமிக்கல் கடைகள்ல விசாரிங்க. பழைய வீட்டு ரெட் ஆக்சைடு தரையைப் பார்த்திருப்பீங்களே, அதே சரக்கு. சிமென்ட்டோட காரத்துக்கும் யூ.வி. வெளிச்சத்துக்கும் அசையாது. 1 கிலோ க்ரவுட்டுக்கு 50 கிராம். 100 கிராம் தாண்டினா சிமென்ட் பலம் இழந்து கையில கலர் ஒட்டும்.

கடையில வெறுமனே "ரெட் ஆக்சைடு"ன்னு கேட்டா, இரும்பு கேட், கிரில்லுக்கு அடிக்கிற பிரைமரை எடுத்து நீட்டுவாங்க. அது தின்னர் சரக்கு. "தரைக்குப் போடுற ஆக்சைடு பவுடர்"னு கேளுங்க.

காசிமேடு_கரை

ரெசின் பத்தி மட்டும் சொல்றேன். படகுக்குப் போடுற பாலியெஸ்டர் ரெசின் ஸ்டைரீன்ல கரைச்சு வர்றது. உங்க ஷீட் பாலிஸ்டைரீன். பூசின உடனே ஷீட் கூழாயிடும், ஸ்ப்ரே பெயின்ட்டை விட மோசம். அவங்க சொன்னது தப்பில்ல, அவங்க ஃபைபர் பாயையும் மரத்தையும் மனசுல வெச்சு சொல்றாங்க. எபாக்ஸி ரெசின் தெர்மோகோலைக் கரைக்காது. ஆனா விலை எக்கச்சக்கம், வறண்ட கூண்டுக்கு அவ்வளவு தேவையும் இல்ல. எப்பவும் ஈரம் கேக்குற ஜீவனுக்கு யோசிக்கலாம்.

அப்புறம், வலைக்காரங்க வீசுற மீன் ஐஸ் பெட்டியை எடுத்து செதுக்கலாமேன்னு தோணும், ஓசியில கிடைக்குதே. வேணாம். மீன் தண்ணியும் உப்பும் மணிக்கு நடுவுல இறங்கியிருக்கும். எத்தனை தடவை கழுவினாலும் லேம்ப் போட்டதும் நாறும். கடல் மணலையும் தொடாதீங்க, அதே உப்புக் கதைதான்.

தண்டையார்பேட்டை_டிராகன்

ரெண்டு பேருக்கும் நன்றிண்ணா. இன்னும் சந்தேகம் இருக்கு. செஞ்சு முடிச்சு எப்படி உள்ளே ஒட்டறது? பக்கத்துல பாத்ரூம் சிலிக்கான் கிடைக்குது, அது போதுமா? திட்டு அவர் வெயிட்டைத் தாங்குமா? வெளியில உப்புக்காத்து, இப்ப மழை வேற, காயுமா?

பெரம்பூர்_தொட்டி

ஒட்டறதுக்கு முன்னாடி டேப் எடுத்து கதவு வாயை அளந்து பாருங்க தம்பி. ரெண்டு கண்ணாடியையும் கழட்டினா நீளம் வரும், ஆனா கீழே மண்ணு தடுக்க 4 இன்ச் பட்டை, மேலே சேனல் பட்டை இருக்குமே. 2 அடி உயரக் கூண்டுல 18, 19 இன்ச்தான் வழி. முழுப் பலகையும் செஞ்சு முடிச்ச பிறகு உள்ளே போகலன்னா ரம்பத்தால அறுக்கணும், அப்ப க்ரவுட் பிளக்கும். செதுக்கும்போதே ரெண்டு மூணு துண்டா பிரிச்சுடுங்க. நேர்கோட்டுல வெட்டாம, பாறை வெடிப்பு போற வழியிலேயே கோணல்மாணலா வெட்டினா இணைப்பு கண்ணுக்குத் தெரியாது. பக்கத்துக்கு 5 மி.மீ. இடைவெளி விடுங்க, மூணு கோட் க்ரவுட் அந்த இடத்தைத் தின்னுடும்.

சிலிக்கான்: பாத்ரூம் சரக்குல பூஞ்சைக்கொல்லி இருக்கும், அதனால வேணாம். கொளத்தூர் மீன் கடைகள்ல தொட்டி ஒட்டற அக்வேரியம் சிலிக்கான் வாங்குங்க, வினிகர் வாடை வருமே, அது. ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, அந்த வினிகர் அமிலம் சிமென்ட்டோட வினை செஞ்சு பிடிப்பைக் கெடுக்கும். அதனால பலகையோட பின்பக்கம் க்ரவுட் படாம வெறும் நுரையா விடுங்க. ரெண்டாவது, சிலிக்கான் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துத்தான் இறுகும், ஒரு நாளைக்கு 2, 3 மி.மீ. ஆழம். பலகை பின்னாடி வட்டமா மூடின கோடு போட்டா உள்ளே காத்து போகாது. வாரக் கணக்குல பிசுபிசுன்னு வாடையோட நிக்கும். மேலிருந்து கீழா தனித்தனிக் கோடு, நடுவுல நாலு விரல் இடைவெளி விட்டுப் போடுங்க. உங்க உப்புக்காத்து ஈரம் இதுக்கு மட்டும் உதவும், பெயின்ட்டுக்குத்தான் எதிரி.

ஒட்டாம வைக்கவும் வழி இருக்கு, எனக்கு அதுதான் பிடிக்கும். நுரைக்குப் பின்னாடி ஒரு இன்ச் ரீப்பர் மரச்சட்டத்தைப் பதிச்சு, பி.யூ. ஃபோம் (அடிச்சதும் விரிஞ்சு இறுகுற பாலியூரிதேன் நுரை) போட்டு இறுக்கிட்டு, கூண்டுக்கு வெளியிலிருந்து ப்ளைவுட் வழியா வாஷர் வெச்சு நாலு ஸ்க்ரூ. கழுவணும்னா கழட்டிக்கலாம். ஓரத்துல மட்டும் மெல்லிசா சிலிக்கான் ஓட்டுங்க. பின்னாடி சந்து விட்டா கிரிக்கெட் குடும்பமே அங்க குடியேறிடும், டிராகன் மூக்கை நுழைச்சு மாட்டிக்கவும் செய்யும்.

திட்டு: நுரையை நுரையோட ஒட்டினா மட்டும் நிக்காது. அவர் 420 கிராம்தான், ஆனா குதிச்சு இறங்கும்போது விழுற பாரம் பல மடங்கு. திட்டு ஒண்ணுக்கு நாலு மூங்கில் குச்சி, பலகைக்குள்ள 3 சென்டிமீட்டர் இறங்குற மாதிரி சாய்வா குத்தி, இடுக்குல பி.யூ. ஃபோம். ஃபோம் விரியறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் தண்ணி தெளிக்கணும், அது இறுகறதே ஈரத்தாலதான். ஈரமா இருக்கும்போது தோல்ல பட்டா ஒட்டிக்கும், மூச்சுக்கும் ஆகாது. கையுறை போட்டு, ஜன்னல் திறந்து வெச்சு செய்யுங்க. ஒரு ராத்திரி விட்டா இறுகிடும், அப்புறம் ஆபத்தில்ல. திட்டு அகலம் 15 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.

லேம்ப்: தெர்மோகோல் 80 டிகிரி பக்கம் இளக ஆரம்பிக்கும். திட்டு மேல 40, 42 டிகிரிதான் வேணும், அது பிரச்சினையில்ல. லேம்ப் சாய்ஞ்சு பாறையோட மேல் விளிம்பைப் பார்த்து நின்னாத்தான் வம்பு. ரெண்டு மணி நேரம் எரியவிட்டு, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை லேம்ப்புக்குக் கிட்ட இருக்கிற இடமெல்லாம் காட்டுங்க. 60 தாண்டினா லேம்ப்பைத் தள்ளுங்க. செராமிக் ஹீட்டர் போடுறதா இருந்தா அதோட மேற்பரப்பே 200 டிகிரியைத் தாண்டும். கம்பிக் கூடு இல்லாம நுரை பக்கத்துல வைக்கவே கூடாது.

பலர் கோட்டை விடுற இடம் ஒண்ணு: வயரை நுரைக்குப் பின்னாடி மறைக்கறது. பி.வி.சி. வயர் தோலும் தெர்மோகோலும் நேரடியா ஒட்டிக்கிட்டே இருந்தா, தோல்ல இருக்கிற எண்ணெய் மாதிரி பொருள் நுரைக்குள்ள இறங்கும். நுரை உருகும், வயர் தோல் விறைச்சு வெடிக்கும். தெர்மோஸ்டாட் வயரை கேசிங் பட்டைக்குள்ள விட்டு எடுங்க.

மின்ட்_பிரஷ்

கலர் அடிக்கிறதுக்கு வரேன்.

அதுக்கு முன்னாடி காரம். புது சிமென்ட்டோட பி.எச். 12க்கு மேல இருக்கும், நக்குற ஜீவனுக்கு ஆகாது. மூணாவது கோட் இறுகினதும் மூணு நாலு நாள் தினமும் நல்ல தண்ணியில நனைச்சு கழுவுங்க. நடுவுல ஒரே ஒரு தடவை, 1 பங்கு வினிகருக்கு 4 பங்கு தண்ணி கலந்து அடிச்சு, நுரை அடங்கினதும் கழுவுங்க. பல தடவை அடிச்சா சிமென்ட்டோட தோலே போயிடும். மீன் கடையில விக்கிற பி.எச். பட்டையை, ஆர்.ஓ. தண்ணி நாலு சொட்டு விட்டு, பாறை மேல அஞ்சு நிமிஷம் படுக்க வையுங்க. 9க்குக் கீழே வந்தா பெயின்ட்டுக்குப் போகலாம்.

பெயின்ட்: தண்ணியில கரையுற அக்ரிலிக், கைவேலைக்காரங்க வாங்குற சாதா பாட்டில் போதும். ஓவியர்கள் வாங்குற காட்மியம் சிவப்பு, காட்மியம் மஞ்சள் ட்யூப் வேணாம். க்ரோம் மஞ்சளும் வேணாம், அது ஈயம். வீட்டுப் பெயின்ட்ல ஈயம் 90 பி.பி.எம். தாண்டக் கூடாதுங்கற விதி 2016ல வந்து 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்தது. அதனால பரண்ல கிடக்குற பழைய டப்பாவைத் தொடாதீங்க. வெளிச்சுவர் எமல்ஷன்ல பாசி, பூஞ்சை வராம மருந்து போட்டிருப்பாங்க, அதையும் தவிருங்க.

மூணே கை. முதல்ல கறுப்பும் பிரவுனும் கலந்து டீத்தண்ணி மாதிரி நீர்த்து, பாறை முழுக்க ஊத்தி, மேட்டை மட்டும் ஈரத் துணியால துடைங்க. வெடிப்புல தங்குற கறுப்புதான் ஆழம் காட்டும். காஞ்சதும் செம்மண் கலர், அங்கங்க திட்டுத்திட்டா ஸ்பாஞ்சால ஒத்துங்க. இந்த ஜாதி ஆஸ்திரேலியாவோட உள்நாட்டு வறண்ட பூமியைச் சேர்ந்தது, சிவப்பு அடிக்கிறது பொருந்தும். கடைசியா காவி மஞ்சளையும் வெள்ளையையும் கலந்து, பிரஷ்ஷைத் துணியில துடைச்சு துடைச்சு கிட்டத்தட்ட வெறும் பிரஷ் ஆனதும், மேட்டு முனைகளை மட்டும் பக்கவாட்டுல வருடுங்க. சொரசொரப்பு அப்பத்தான் எழுந்து வரும். டியூப்லைட் வெளிச்சத்துல கலரைப் பார்க்காதீங்க. கூண்டு லேம்ப்பை எரியவிட்டு அதுல பாருங்க, மஞ்சள் வெளிச்சத்துல சிவப்பு ரெண்டு மடங்கு அடிக்கும்.

சீலர், அதாவது பாறை மேல கடைசியா அடிக்கிற பாதுகாப்புப் பூச்சு பத்தி மேலே யாரும் பேசல. வறண்ட கூண்டுக்கு வேணாம்னு சிலர் சொல்வாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். சீல் பண்ணாத க்ரவுட் எச்சத்தை உறிஞ்சிக்கும், அந்தக் கறை போகவே போகாது. தண்ணி அடிப்படை பி.யூ. சீலர், மேட் ஃபினிஷ், மெல்லிசா ரெண்டு கோட். ரெண்டாவது கோட் ஈரமா இருக்கும்போது திட்டு மேல மட்டும் டீ வடிகட்டியில சலிச்ச, கழுவிக் காயவெச்ச ஆத்து மணலைத் தூவுங்க. இல்லன்னா நகம் வழுக்கும். எம்-சாண்ட் வேணாம், ஒவ்வொரு துகளும் உடைச்ச கண்ணாடி மாதிரி கூர், வயிறு உரசும் இடத்துக்கு ஆகாது.

மழைக்காலம்னா சீலருக்கு டப்பாவுல போட்ட நாளை ரெண்டால பெருக்குங்க. கையில ஒட்டலங்கறது காஞ்சதுக்கு அடையாளம், இறுகினதுக்கு இல்ல. குறைஞ்சது ரெண்டு வாரம் ஃபேன் காத்துல வெச்சு, அப்புறம் கூண்டுல மாட்டி, டிராகன் இல்லாம லேம்ப்பை 48 மணி நேரம் வழக்கம் போல எரியவிடுங்க. கண்ணாடியை நாலு விரல் திறந்து உடனே மூக்கை வையுங்க. கொஞ்சமா வாடை வந்தாலும் இன்னும் ஒரு வாரம்.

உள்ளே விடறதுக்கு முந்தின ராத்திரி ரூம் லைட்டை அணைச்சு, டார்ச்சை பாறையோட ஒட்டி பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க. ஊசி ஓட்டை எல்லாம் கறுப்புப் புள்ளியா எழுந்து நிக்கும். அங்க ஒரு சொட்டு க்ரவுட், அது இறுகினதும் மேல ஒரு சொட்டு சீலர்.

தண்டையார்பேட்டை_டிராகன்

டார்ச் யோசனை சூப்பர்ணா. எக்ஸ்.பி.எஸ். பலகை ஒண்ணு, க்ரவுட் 4 கிலோ, ஆக்சைடு மூணும் 100 கிராம் வீதம்னு லிஸ்ட் போட்டாச்சு. கடைசியா ஒண்ணு: எச்சம் பட்ட இடத்தை ஃபினாயில் போட்டுத் துடைக்கலாமா?

மின்ட்_பிரஷ்

ஃபினாயில் கூண்டு பக்கமே வரக்கூடாது, லைசாலும்தான். ஃபீனால் சேர்ந்த எதுவும் ஊர்வனவுக்கு விஷம். வினிகரும் வேணாம், சீலர் கீறின இடத்துல சிமென்ட்டைத் தின்னும். எச்சம் பட்டதும் வெந்நீர்ல நனைச்ச பழைய டூத் பிரஷ், அவ்வளவுதான். அதுக்குத்தான் சீலர் போடச் சொன்னேன். ஆக்சைடுல கறுப்பு 100 கிராம் வாங்காதீங்க, 25 போதும். கொஞ்சம் கூடினாலும் சிவப்பைத் தின்னுடும்.